நூர் பீவி நிமிர்ந்து உட்கார ஒரு வேன்

மூடியிருந்த அறைக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது.

கூடத்தில் உட்கார்ந்து பாத்தேக் சாயத் துணிகளை மடித்துக்கொண்டிருந்த ஜைனுதீன், மடித்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். கதவின் பிடியில் கை வைத்தும்விட்டார்.

"அத்தா, தொறக்காதீங்க!" சமையலறையிலிருந்து ஓடிவந்த மகள் ஆதிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா தண்ணி மாத்துறாங்க."

"அழுவுறாளே, ஆதிலா."

"தெரியுது அத்தா. இன்னும் இருவது நிமிஷம். முடிச்சிட்டு அவங்களே வருவாங்க."

கட்டிய மனைவி கதவுக்கு அந்தப்புறம் அழுகிறாள். இந்தப்புறம் நிற்கும் கணவன் உள்ளே போகக் கூடாது. இப்படியொரு சட்டம் எந்த வீட்டிலாவது உண்டா? பெம்பானில், ரம்புத்தான் மரம் நிற்கும் அந்த வீட்டில் இரண்டு வருடமாக உண்டு.

நூர் பீவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துவிட்டன. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தியிருக்கிறார்கள். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு பத்து என்று நாளுக்கு நான்கு முறை, வயிற்றிலிருக்கும் பழைய மருந்துநீரைத் தரையில் கிடக்கும் பைக்கு இறக்கிவிட்டு, மேலே தொங்கும் பையிலிருந்து இளஞ்சூடாக்கிய புதிய நீரை ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த அரை மணி நேரமும் கதவும் சன்னலும் மூடியிருக்க வேண்டும். விசிறி ஓடக் கூடாது. வாய்க்கு முகக் கவசம், முழங்கை வரை கை கழுவல். ஒரு தூசி குழாய்க்குள் போனால் போதும், வயிற்றுக்குள் கிருமி தொற்றிவிடும் என்றார்கள்.

அது வெறும் மிரட்டல் இல்லை என்பதை நூர் பீவி உடம்பால் அறிந்தவள். சென்ற ஆண்டுப் பெருநாளுக்கு உறவினர் வீடு போயிருந்தபோது, அங்கே ஓர் அறையில் அமர்ந்து தண்ணீர் மாற்றினாள். பாவம், அந்த வீட்டுப் பெண், 'விருந்தாளி வேர்த்துப் போய் உட்கார்ந்திருக்கிறாளே' என்ற அன்பினால் உள்ளே வந்து விசிறியைச் சுழலவிட்டாள். மூன்றாம் நாள் காய்ச்சல். பதினாறு நாள் மருத்துவமனை. அன்றோடு நூர் பீவி சொல்லிவிட்டாள், இனி தன் அறையைத் தவிர வேறெங்கும் தண்ணீர் மாற்றமாட்டேன் என்று. அன்பு செய்த வேலைக்கு யாரைத் திட்டுவது? அவள் யாரையும் திட்டவில்லை. வீட்டோடு இருந்துவிட்டாள்.

அவள் விசும்பிய அன்று லூபோக் சீனாவில் அவளுடைய அக்கா மகள் லுத்ஃபியாவுக்கு நிக்காஹ். நேரம் பதினொன்றரைக்கு. பன்னிரண்டு மணிக்கு இவள் இங்கே பைக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். "நீங்களும் ஆதிலாவும் போங்க" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஜைனுதீன் அசையவில்லை. கைபேசியில் ஒவ்வொன்றாகப் படம் வந்து விழுந்தது. மூன்று வயதுவரை தன் இடுப்பிலேயே வளர்ந்த பெண், மருதாணிக் கையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். எந்தத் தாய் மனம் தாங்கும்?

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. முகம் கழுவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள் நூர் பீவி.

"பிரியாணிக்கு அடிதடியாம் அங்க. போயிருக்கலாம்ல நீங்க? நஷ்டம் உங்களுக்குத்தான்."

ஜைனுதீனால் சிரிக்க முடியவில்லை.

ஜைனுதீனைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. முப்பத்தொரு வருடமாகத் துணி விற்கிறார். முதலில் மோட்டார் சைக்கிளின் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். பிறகு பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைகள். ஒரு நாள் டுரியான் துங்கால், ஒரு நாள் பெம்பான், ஒரு நாள் லூபோக் சீனா. கடை விரித்த நாள் முதல் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி உண்டு. அது நூர் பீவிக்கு. அவர் துணியை உதறிக் காட்டுவார், அவள் விலை சொல்வாள். கடை கட்டியதும், மறுநாள் வேலை இல்லையென்றால், பெங்காலான் பாலாக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பாய் விரித்து, கட்டிக்கொண்டு போன நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அலைச் சத்தத்தில் அங்கேயே கண்ணயர்வார்கள். செல்வந்தர்கள் ஹோட்டலில் அனுபவிப்பதை இவர்கள் ஒரு பாயில் அனுபவித்தார்கள்.

இப்போது அந்த நாற்காலி மடக்கியபடியே இருந்தது. மாலை ஐந்து மணித் தண்ணீருக்குக் கடையில் என்ன வழி? அவருடைய பழைய வேனும் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது.

வழியைச் சொன்னவள் ஆதிலா. டுரியான் துங்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். நிக்காஹ் நடந்த அன்று மாலை கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அத்தா, இத பாருங்க. மினி வேன வாங்கி உள்ளார வீடு மாதிரி பண்ணிக்கிறாங்க. சீட்ட மடிச்சா படுக்கை. ஞாயித்துக்கிழமை கேம்பிங், மத்த நாள் வேலைக்கு."

"வெள்ளக்காரன் பண்ற வேலை."

"இவரு நம்ம மூவார்காரர் லா, அத்தா! நல்லா பாருங்க. கதவ மூடுனா அது ஒரு ரூம். யாரும் விசிறி போட மாட்டாங்க. யாரும் உள்ள வர மாட்டாங்க. அம்மாவோட சொந்த ரூம். கடைக்குப் பின்னால நிறுத்துனா அஞ்சு மணிக்கு அம்மா உள்ள ஏறி..."

ஜைனுதீன் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தார் என்பது அவருக்கும் இறைவனுக்கும்தான் தெரியும்.

மருத்துவமனைத் தாதி, "சுத்தமா மூடின இடமா இருந்தா காரிலயும் செய்யலாம்" என்று உறுதி சொன்னாள். "பை மட்டும் தோளுக்கு மேல நல்லா உயரத்துல தொங்கணும். இறங்குற பை தரையில இருக்கணும்." அன்று இரவே ஆதிலா அம்மாவைக் குட்டை முக்காலியில் உட்காரவைத்து, பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே வந்தாள். எந்த உயரம்வரை தண்ணீர் தடங்கலில்லாமல் ஏறுகிறது என்று பார்த்து, அளவு நாடா பிடித்தாள். தரையிலிருந்து கொக்கிவரை நூற்று முப்பத்தைந்து சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் கூடாது.

"நூத்தி முப்பத்தஞ்சு" என்று மந்திரம்போல் சொல்லிக்கொண்டு ஜைனுதீன் வேன் தேடப் புறப்பட்டார்.

ஜாசினில் ஒரு பழைய சாமான் வேன் மலிவாகக் கிடைத்தது. எஞ்சின் இருக்கைக்கு அடியில். பத்து நிமிடம் ஓட்டியதும் தரை தோசைக்கல்லாகக் கொதித்தது. "அம்மாவுக்குத் தண்ணியச் சூடு பண்ற வேலை மிச்சம்" என்றாள் ஆதிலா. ஆயர் கெரோவில் ஒரு சொகுசு வேன். அரசர் உட்காரும் நாற்காலிகள்போல நான்கு. மடிக்கவும் முடியாது, கழற்றவும் விடமாட்டார்கள். மூன்றாவது, கூரை உயர்ந்த பெரிய வேன். அளவுக்கு மேல் உயரம். ஆனால் பாசார் மாலாமில் கடைக்குக் கடை இழுத்துக் கட்டிய கித்தான்களுக்குக் கீழே அது நுழையாது. நுழைந்தால் பத்துக் கடைகளின் கூரையையும் மாலையாகப் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும்.

நான்காவது, டுரியான் துங்காலில் நவரட்ணம் என்பவரின் வீட்டில் நின்றது. ஏழு பேர் அமரும் பத்து வருட வேன். இரண்டு பக்கமும் இழுப்புக் கதவு. பின் இருக்கைகள் மடிந்து தரையோடு படிந்தன. உள்ளே தூசி இல்லை, நாற்றம் இல்லை. நவரட்ணம் தேநீர் எடுக்க உள்ளே போயிருந்த நேரம், இடுப்பில் செருகியிருந்த அரை மீட்டர் கோலை உருவி, தரையிலிருந்து கூரைவரை அளந்தார்.

நூற்று முப்பத்தொன்று.

மறுபடி அளந்தார். அதே நூற்று முப்பத்தொன்று. நாலு சென்டிமீட்டர்! இரண்டு விரற்கடைக்காக ஒரு பெண்ணின் உலகம் மூடிக்கிடக்க வேண்டுமா?

தேநீரோடு வந்த நவரட்ணத்திடம், "உயரம் பத்தாதுங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார். வரும் வழியில் இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது?

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது.

"பாய், நான் நவரட்ணம் கதைக்கிறன். உயரம் காணாது எண்டு சொன்னீங்கள். உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

"நூத்தி முப்பத்தஞ்சுங்கய்யா. உங்களுது முப்பத்தொண்ணு."

"இல்லை. நூற்று முப்பத்தாறு."

"நான் ரெண்டு தடவை அளந்தேன்யா."

"நான் முப்பத்தாறு வருசம் சர்வே ஒஃபிஸில நிலம் அளந்தவன், பாய். வேனை அளக்கிறதில பிழை விட மாட்டன். எதுக்கு இந்த உயரம்? அலுமாரி வைக்கப் போறியளோ?"

அப்போதுதான் ஜைனுதீன் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையிலிருந்து, "சனிக்கிழமை பன்னிரண்டுக்கு முன்னம் வேனோட வாறன்" என்ற குரல் மட்டும் வந்தது.

சொன்னபடியே வந்தார். எழுபத்தொரு வயது, நெடிய உருவம், தேய்த்த சட்டை, சட்டைப்பையில் இரும்பு நாடா. ரம்புத்தான் மர நிழலில் வேனை நிறுத்திவிட்டு, "எங்கே, அண்டைக்கு அளந்த மாதிரியே இப்ப அளவுங்கோ" என்றார்.

ஜைனுதீன் கோலைத் தரையில் நட்டார். கோல் முடிந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தினார். விரலுக்கு மேலே கோலை நகர்த்தி வைத்தார். மறுபடி கட்டைவிரல். அதற்கு மேலே கோல்.

"நிப்பாட்டுங்கோ!" நவரட்ணம் கையை உயர்த்தினார். "அந்த விரலை ஏன் கணக்கில சேர்க்கேல்லை?"

"எந்த விரல?"

"ரெண்டு தரம் வச்சீங்களே கட்டைவிரல். அது ஒவ்வொண்டும் ரெண்டரை சென்டிமீட்டர். ரெண்டு விரல், அஞ்சு சென்டிமீட்டர்!"

ஜைனுதீன் தன் கட்டைவிரலை முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். துணி அளக்கும்போது ஒவ்வோர் அளவுக்கும் ஒரு விரற்கடை கூடவிட்டு அளப்பது அவர் பழக்கம். கொடுக்கிற துணி குறைந்துவிட்டால் மறுமையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். முப்பத்தொரு வருடப் பழக்கம். கோலை எடுத்தால் விரல் தானாக விழுந்துவிடும், துணியானாலும் வேனானாலும்.

வாசலில் நின்ற நூர் பீவி தலையில் அடித்துக்கொண்டாள். "நான் இத்தன வருஷமா சொல்றேன், ஐயா! மத்த கடைக்காரன் எல்லாம் ரெண்டு மாடி கட்டிட்டான். எங்க மாடி பூராவும் இந்த ஊர் பொம்பளைங்க பாஜூ சட்டைல தைச்சிருக்கு!"

நவரட்ணம் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்கள் ஒரு அங்குலம் கூடக் கொடுத்தால் கோர்ட்டில கொண்டுபோய் நிப்பாட்டுவாங்கள், பாய். உங்களுக்குப் புண்ணியம்."

இரும்பு நாடா கூரையைத் தொட்டது. நூற்று முப்பத்தாறு.

"அம்மா, ஏறிப் பாருங்க" என்றாள் ஆதிலா.

நூர் பீவி ஏறினாள். ஆதிலா உள்ளே வைத்த குட்டை முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலை இடிக்கவில்லை. மேலே பார்த்தவளின் பார்வை அங்கேயே நின்றது. கூரையில் புத்தம் புதிய எஃகுக் கொக்கி ஒன்று உறுதியாகத் திருகப்பட்டிருந்தது.

"இது...?"

"நேற்றுத்தான் பூட்டினனான்" என்றார் நவரட்ணம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"நாங்க வாங்குறோமான்னே தெரியாம வேன்ல ஓட்டை போட்டுட்டீங்களேய்யா!" என்றாள் நூர் பீவி.

"ஓட்டையாய் இருக்கட்டும், பிள்ளை. பரவாயில்லை."

நூர் பீவி உடனே உருகிவிடவில்லை. அவள் வியாபாரியின் மனைவி. தரையைத் தடவினாள், சன்னல் ரப்பரை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு கணவரிடம் திரும்பினாள்.

"இதுல துணியும் ஏறும்ல?"

"ஏறாம? பொழப்பு இருக்குல்ல."

"துணின்னா பஞ்சு பறக்கும். அந்தப் பஞ்சுல நான் குழாயத் தொறந்தா திரும்பப் பதினாறு நாள்தான்."

உயரத்தையே நினைத்து உருகிய ஜைனுதீனுக்கு இது தோன்றவே இல்லை. அவர் முகம் செத்துப்போயிற்று. இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் தன் தொழிலே குறுக்கே நிற்கிறதா?

"மூஞ்சிய அப்படி வைக்காதீங்க" என்றாள் நூர் பீவி. "மூட்டையா கட்டாதீங்க இனிமே. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்க. பின்கதவு வழியா ஏத்தி பின்கதவு வழியா இறக்குங்க. நடுவுல துணித் திரை வேணாம், தொடைக்கிற மாதிரி பிளாஸ்டிக் திரை. கடை விரிச்சதுக்கு அப்புறம் பெட்டி எதுவும் உள்ள இருக்கப்படாது. நான் தொடைச்சிட்டு உக்காருவேன். அவ்வளவுதான்."

ஒருவரும் இதுவரை அவளிடம் எந்த வேன் வேண்டும் என்று கேட்கவில்லை என்பது ஜைனுதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. நோயாளி ஓய்வெடுக்கட்டும் என்று மூன்று வேன்களை அவரும் மகளுமே பார்த்துத் தள்ளியிருந்தார்கள்.

"மணி பன்னெண்டு ஆகப் போவுது" என்றாள் அவள். "ஆதிலா, என் தண்ணி மாத்துற பெட்டியக் கொண்டா. கையலம்பிட்டு வரேன். இங்கயே மாத்துறேன்."

"நூரு, இன்னைக்கே வேணாம். காய்ச்சல் கீச்சல் வந்துட்டா..." ஜைனுதீன் வேன் கதவை மறித்து நின்றார்.

"வந்தா என் வயித்துலதான வரும்? தள்ளுங்க."

ஆதிலா உட்புறம் முழுவதையும் மருந்துத் துணியால் துடைத்தாள். சூடேற்றிய பை கொக்கியில் ஏறியது. எஞ்சின் அணைந்திருந்தது, சன்னல்கள் மூடியிருந்தன. முகக் கவசத்துக்கு மேலே நூர் பீவியின் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. இழுப்புக் கதவு சறுக்கி மூடியது.

மரத்தடியில் இரண்டு ஆண்களும் நின்றார்கள். ஜைனுதீனின் உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன. நவரட்ணம் கடிகாரத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாகப் பேசினார்.

"என்ர மனுசிக்காகத்தான் இதை வாங்கினது. சந்திராதேவிக்கு ஊர் சுற்றிப் பார்க்க ஆசை. கேமரன் மலைக்கு ஒரே ஒருக்கால் போனம். அடுத்த முறை திரெங்கானு எண்டு சொல்லி வச்சிருந்தவ. போன வருசம் சித்திரையில ஆள் போயிட்டா."

ஜைனுதீன் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"வேனைப் பார்க்க ஒன்பது பேர் வந்தாங்கள், பாய். எல்லாரும் எஞ்சினைப் பார்த்தாங்கள், டயரை உதைச்சாங்கள். உள்ளுக்க ஒரு பொம்பிளை நிமிர்ந்து இருப்பாவோ எண்டு பார்த்தது நீங்கள் ஒருத்தர்தான். அதாலதான் கொக்கி பூட்டினனான்."

நேரம் நகர மறுத்தது. இருபது நிமிடம். முப்பது. முப்பத்தைந்து. ஜைனுதீன் கதவை நோக்கி ஓரடி வைத்துவிட்டுத் தன்னைத்தானே பிடித்து நிறுத்தினார்.

கதவு திறந்தது. நூர் பீவி கவசத்தைக் கீழே இழுத்தாள். முகமெல்லாம் வேர்வை. முக்காட்டின் ஓரம் நனைந்திருந்தது.

யாரும் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"தண்ணி நல்லா இறங்குச்சு. நல்லா ஏறுச்சு. தெளிவா இருக்கு." ஒரு மூச்சு வாங்கினாள். "சன்னல் வழியா மரம் தெரியுதுங்க. ரெண்டு வருஷமா செவத்தப் பாத்துக்கிட்டே மாத்துனேன்."

ஜைனுதீன் வேன் படியில் உட்கார்ந்து, வயது ஐம்பத்தெட்டு என்பதையும் மறந்து, வாய்விட்டு அழுதார். "அல்ஹம்துலில்லாஹ்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. நூர் பீவி அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்ல இறைவன் எத்தனையோ காரணம் தருகிறான். சிலருக்கு மாளிகை. இவர்களுக்கு ஒரு கொக்கி.

விலை பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மீன் குழம்போடு சாப்பிட்டார்கள். நவரட்ணம் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். தனியாகச் சமைத்துத் தின்கிற மனிதர் என்று நூர் பீவி கேட்காமலே புரிந்துகொண்டு, மூன்றாம் முறையும் போட்டாள்.

"காணும், பிள்ளை, காணும்!"

"சாப்பிடுங்கண்ணே." ஐயா என்று கூப்பிட்டவள் எப்போது அண்ணன் என்று மாறினாள் என்பது அவளுக்கே தெரியாது.

அவரைத் தன் காரில் கொண்டுபோய்விட ஆதிலா சாவியோடு நின்றாள். வேன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, நவரட்ணம் செருப்பை மாட்டிக்கொண்டார். மரத்தடியைக் கடக்கும்போது வேனின் பக்கம் திரும்பாமலே நடந்தார். காரின் கதவைத் திறந்தவரை வாசலிலிருந்து நூர் பீவியின் குரல் நிறுத்தியது.

"அண்ணே! அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை பெங்காலான் பாலாக் போறோம். ராத்திரி அங்கதான் தங்கல். பகலுக்கு நீங்களும் வந்துருங்க. மீன் சுடுவோம்."

"ஐயோ, நான் எதுக்கு இடையில..."

"எதுக்கா? நாளைக்கே கொக்கி ஆடுச்சுன்னா யாரு பாக்குறது? இவரா? இவரு விரல வச்சு அளப்பாரு."

நவரட்ணம் தலையைக் குனிந்துகொண்டார். காரில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கெல்லாம் அங்க இருப்போம்ண்ணே."

அவர் தலையசைத்தார். கார் மெல்ல நகர்ந்து, முனைக் கடையைத் தாண்டித் திரும்பி மறைந்தது. நூர் பீவி இன்னும் ஒரு கணம் தெருவைப் பார்த்தபடி நின்றுவிட்டு, உள்ளே வந்தாள். ஜைனுதீன் வாசல் கதவைச் சாத்தினார்.